மூட்டையைப் பிரித்த பிறகே தட்டில் எழுதுங்கள்

தம்பியின் பழைய கணினிக்காக ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தை இறக்கினேன். கோப்பின் பெயர் 'ஐஎஸ்ஓ.எக்ஸ்இசட்' என்று முடிந்தது. அந்தக் கடைசி ஒட்டைக் கவனிக்காமல் அப்படியே டிவிடியில் எழுதிவிட்டேன். கணினி அந்தத் தட்டைக் கண்டுகொள்ளவே இல்லை.

ஐஎஸ்ஓ என்பது ஒரு தட்டின் அச்சு அசல் நகல். தட்டு முழுக்க 2,048 பைட் கொண்ட கட்டங்கள்; பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 17-ஆம் கட்டத்தில்தான் கணினியின் பயாஸ் துவக்கக் குறிப்பைத் தேடும். எக்ஸ்இசட் என்ற சுருக்கிய மூட்டைக்குள் அந்தக் கட்டங்கள் எல்லாம் கலைந்து கிடக்கின்றன. தேடுகிற இடத்தில் அந்தக் குறிப்பு இருக்காது.

விண்டோஸில் இலவசமான 7-ஜிப் இந்த மூட்டையைப் பிரித்துவிடும். கணினியின் வன்வட்டில் இடம் மட்டும் தாராளமாக வேண்டும். ஆனால் ஒரு முறை பிரித்ததும் நிறுத்திவிட வேண்டும். 7-ஜிப் ஐஎஸ்ஓவையும் திறக்கும் என்பதால் பலர் அதையும் பிரித்து, உள்ளே வரும் கோப்புகளைத் தட்டில் நகலெடுக்கிறார்கள். அதுவும் துவங்காது. எனக்கு இதுதான் பெரிய தவறாகத் தெரிகிறது. பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்குமே!

பிரித்த ஐஎஸ்ஓவின் எஸ்எச்ஏ256 சரிபார்ப்பு எண்ணை, வெளியிட்டவர்கள் தந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். விண்டோஸ் 7 முதல் ஐஎஸ்ஓவைத் தட்டில் எழுதும் வசதி உள்ளேயே இருக்கிறது. எண் பொருந்தினால் மட்டும் எழுதுங்கள்.