125191 என்ற எழுத்து

‘பஸ்’ என்பதன் முதல் ஒலியை, குரல்வளையைச் சற்றுக் கீழே இறக்கி, காற்றை உள்ளே இழுத்தாற்போல் சொல்லிப் பாருங்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபுலானி மொழியில் அது தனி ஒலி. அந்த மொழியை எழுதப் பயன்பட்ட அரபு நெடுங்கணக்கில் அதற்கு இடமில்லை. கினி நாட்டின் ன்ஸெரெகோரே நகரில், 1989 வாக்கில், இப்ராஹிமா பாரி, அப்துலாயே பாரி என்ற இரு சகோதரர்கள் தங்கள் மொழிக்கென்றே ‘அட்லம்’ எழுத்துமுறையை உருவாக்கினார்கள். மூத்தவருக்கு வயது 14, இளையவருக்கு 10! இந்த ஒலிக்கும் ஓர் எழுத்து கிடைத்தது.

காகிதத்தில் சரி, ஒவ்வொரு எழுத்தையும் ஓர் எண்ணாகவே வைத்துக்கொள்ளும் கணினியில்? முதலில் அரபு எழுத்துகளின் எண்களின் மேல் அட்லம் வடிவங்களை ஏற்றி ஒப்பேற்றினார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அர்த்தமில்லாத அரபு எழுத்துகள்தான் தெரியும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் வந்த கடிதத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

உலக எழுத்துகளுக்குப் பொது எண் தரும் யூனிகோடின் 9.0 பதிப்பு, 2016 ஜூனில், அட்லத்துக்குச் சொந்த எண்களைக் கொடுத்தது. நம் எழுத்தின் பெரிய வடிவம் (ஆங்கிலக் கேப்பிடல் போல) 125191. சிறிய வடிவம் 34 தள்ளி, 125225. UTF-8 முறையில் சேமித்த கோப்பில் பெரிய வடிவம் 240, 158, 164, 135 என நான்கு பைட்டுகளாக உட்கார்ந்திருக்கும்.

அட்லம் வலமிருந்து இடமாக, எழுத்துகள் கைகோத்து ஓடும் முறை. அதனால் ஒரே எழுத்து தனியாக, சொல்லின் முதலில், இடையில், கடைசியில் என நான்கு விதமாகத் தோன்றும். அவற்றுக்குத் தனி எண்கள் கிடையாது. பெரிய, சிறிய வடிவங்களுக்கு மட்டும் ஏன் இரண்டு எண்? பக்கத்தில் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்த்தே எப்படி இணைப்பது என்பதை மென்பொருள் கண்டுபிடித்துவிடும். பெரிய எழுத்து வேண்டுமா என்பது எழுதுபவரின் விருப்பம், அதைக் கணிக்க முடியாது. என் பார்வையில் யூனிகோடின் புத்திசாலித்தனமே இந்தப் பிரிவினைதான். நோட்டோ என்ற எழுத்துருக் குடும்பத்தில் அட்லத்தைச் சேர்த்து எழுதும் ஒன்றும், பிரித்து எழுதும் ஒன்றும் உண்டு. இரண்டிலும் அடியில் இருக்கும் எண்கள் ஒன்றே.

எண் கிடைத்ததும் வேலை முடிந்துவிடவில்லை. எழுத்துருவும் விசைப்பலகையும் வேண்டும். சொல் வலமிருந்து ஓட வேண்டும். அரபியில் இலக்கங்கள் இடமிருந்து வலமாகப் போகும்; அட்லத்திலோ இலக்கங்களும் எழுத்துகளின் திசையிலேயே போகும். விண்டோஸின் எப்ரிமா எழுத்துருவில் அட்லம் இடம்பெற 2019 ஆகிவிட்டது.