கடன் தீர்க்குங் காலத்திற் கமக்காரரின் வரவு செலவும் சேமிப்பும்

நெற்கமக்காரரின் வருமானம் ஆண்டில் ஒரு முறையோ இரு முறையோ மொத்தமாகக் கைக்கு வருவது. செலவோ நாள்தோறும் நிகழ்வது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மாதங்களிலேயே கடன் பிறக்கின்றது. மாசி, பங்குனி மாதங்களிற் பெரும்போக நெல்லை விற்ற கமக்காரர் ஒருவர், அப்பணம் முழுவதையுங் கடன் கொடுத்தோரிடம் ஒப்படைத்து நிம்மதி அடைகின்றார். புரட்டாதியில் வயலை உழவேண்டிய வேளை வந்ததும், உழவுக் கூலிக்கும் பசளைக்குங் கையிற் பணமின்றி, முன்னையதிலுங் கூடிய வட்டிக்கு மீண்டுங் கடன்படுகின்றார். ஆண்டுதோறுங் கடனைத் தீர்த்தும் அவர் கடனாளியாகவே இருக்கின்றார். இந்நிலை பெரும்பாலுஞ் சோம்பலாலோ வீண் செலவாலோ உண்டாவதன்று. கிடைத்த பணத்தை உரிய வேளையிற் பிரித்து வையாமையால் உண்டாவதாகும்.

எவ்வளவு வறுமையிலும் விதைநெல்லைக் குத்தி உண்ணும் வழக்கங் கமக்காரரிடம் இல்லை. சூடு மிதித்த களத்திலேயே விதைக்கென ஒரு பகுதி புறம்பாக வைக்கப்பட்டது. அடுத்த போகத்துச் செலவுக்கான பணமும் விதைநெல்லைப் போன்றதே. அதனைக் கடனுக்குக் கொடுத்துவிடுதல் விதைநெல்லை அளந்து கொடுத்துவிடுவதற்கு ஒப்பாகும். கடன் தீர்க்குங் காலத்திலுஞ் சிறிது சேமிப்பு வேண்டுமென்பது இதனாலேயே.

கடன்களைக் கணக்கெடுத்தல்

முதலிற் செய்யவேண்டியது, ஒரு கொப்பியில் எல்லாக் கடன்களையும் எழுதுதலாகும். யாரிடம் வாங்கியது, முதல் எவ்வளவு, வட்டி வீதம் என்ன, தவணை எந்நாள், ஈடாக வைத்தது யாது, பிணை நின்றவர் யார் என்னும் ஆறு விபரங்களும் ஒவ்வொரு கடனுக்கும் எழுதப்படல் வேண்டும். வீட்டுத் தலைவர் பெற்ற கடனோடு, மனைவி மகளிர் குழுவிற் பெற்ற கடனும் அதே கொப்பியில் இடம்பெறல் வேண்டும். ஒருவர் கடனை மற்றவர் அறியாத வீட்டில் எத்திட்டமும் நிலைப்பதில்லை.

வட்டிகள் யாவும் ஆண்டு வீதமாக மாற்றப்பட்டாலே ஒப்பிடத்தக்கன. மாதம் நூற்றுக்கு 5 ரூபா என்பது சிறிதாகத் தோன்றும். ஆண்டுக்கு அது நூற்றுக்கு 60 ஆகும். சில கடன்களில் வட்டி விலையினுள் மறைந்திருக்கும். காசுக்கு 9,000 ரூபாவாக விற்கும் ஓர் அந்தர் பசளை, நான்கு மாதக் கடனுக்கு 10,000 ரூபாவென எழுதப்படுமாயின், 9,000 ரூபாவிற்கு நான்கு மாத வட்டி 1,000 ரூபாவாகும். இது ஆண்டுக்கு நூற்றுக்கு 33 ரூபாவிற்கும் மேல். விளையுமுன்னரே நெல்லைக் குறைந்த விலைக்குப் பேசி முன்பணம் பெறுவதும் இத்தகையதே. அறுவடை நாளின் விலைக்கும் பேசிய விலைக்கும் உள்ள வேறுபாடே அதன் வட்டியாகும்.

வருமானத்தை நான்காகப் பிரித்தல்

நெல் விற்ற பணம் வீட்டிற்கு வந்த அன்றே அது நான்கு பங்குகளாகப் பிரிக்கப்படல் வேண்டும்.

1. கமச்செலவுப் பங்கு: அடுத்த போகத்தின் உழவு, பசளை, களைநாசினி, அறுவடை இயந்திரக் கூலி முதலியவற்றிற்கு உரியது.
2. வீட்டுச் செலவுப் பங்கு: அடுத்த வருமானம் வரும்வரையுள்ள மாதங்களுக்கு உரியது. பாடசாலைச் செலவு, தைப்பொங்கல், திருவிழா, பெருநாள், உறவினர் வீட்டு நன்மை தீமைகள் என்பன எதிர்பாராச் செலவுகள் அல்ல, ஆண்டுதோறும் வருவன. அவையும் இதில் அடங்கல் வேண்டும்.
3. இடர்ப் பங்கு: நோய், வெள்ளம், வரட்சி, இயந்திரப் பழுது ஆகியவற்றிற்கு உரியது.
4. கடன் பங்கு: எஞ்சியது முழுவதும்.

கடன் பங்கை இறுதியாக எழுதியமையால் அது முக்கியமற்றதென எண்ணலாகாது. முதல் மூன்று பங்குகளும் புதிய கடனைத் தடுப்பன. நான்காவது பங்கு பழைய கடனைத் தீர்ப்பது. புதிய கடன் நின்றாலன்றிப் பழைய கடன் குறையாது.

ஓர் எடுத்துக்காட்டு

மூன்று ஏக்கர் வயலில் ஏக்கருக்கு 1,800 கிலோ வீதம் 5,400 கிலோ நெல் விளைந்ததெனக் கொள்வோம். உணவிற்கும் விதைக்குமாக 900 கிலோ நிறுத்தி, எஞ்சிய 4,500 கிலோவைக் கிலோ 120 ரூபாவாக விற்றால் 540,000 ரூபா கிடைக்கும். கமச்செலவுக்கு ஏக்கருக்கு 85,000 ரூபா வீதம் 255,000 ரூபா. வீட்டுச் செலவுக்கு மாதம் 20,000 ரூபா வீதம் ஆறு மாதங்களுக்கு 120,000 ரூபா. இடர்ப் பங்கு 30,000 ரூபா. எஞ்சும் 135,000 ரூபா கடனுக்கு உரியது. ஆறு மாதங்களின் பின் வீட்டுச் செலவைச் சிறுபோகம், தோட்டம், கூலி வேலை ஆகியவற்றின் வருவாய் தாங்குதல் வேண்டும். அவ்வருவாய் இல்லாதோர் வீட்டுப் பங்கைப் பன்னிரண்டு மாதங்களுக்குக் கணித்தல் வேண்டும். விலையும் செலவும் வட்டியும் இடத்திற்கு இடமும் ஆண்டிற்கு ஆண்டும் மாறுவன. ஆகவே ஒவ்வொருவருந் தத்தம் தொகைகளை இட்டு இக்கணக்கைச் செய்தல் வேண்டும்.

இக்கமக்காரருக்கு நான்கு கடன்கள் உள்ளன:

தனியாரிடம் 60,000 ரூபா, மாத வட்டி நூற்றுக்கு 5. ஆறு மாத வட்டி 18,000 ரூபா நிலுவை.
பசளைக் கடையில் 45,000 ரூபா, மேற்கூறிய மறைவான வட்டியுடன்.
நகை அடைவு 120,000 ரூபா, ஆண்டு வட்டி நூற்றுக்கு 16. ஆறு மாத வட்டி 9,600 ரூபா.
கூட்டுறவுச் சங்கக் கடன் 100,000 ரூபா, ஆண்டு வட்டி நூற்றுக்கு 12. இப்போகத் தவணை, முதல் 20,000 ரூபாவும் வட்டி 6,000 ரூபாவும்.

எக்கடனை முதலில் தீர்ப்பது?

எல்லாக் கடன்களுக்கும் அவ்வத் தவணைக்குரிய கட்டாயத் தொகை முதலிற் செலுத்தப்படல் வேண்டும். அடைவு நகையின் தவணை தப்பினால் நகை ஏலத்திற் போகலாம். சங்கக் கடன் தப்பினால் பிணை நின்ற அயலவரும் துன்புறுவர். குழுக் கடனிலும் ஒருவர் தவறினால் ஏனைய பெண்களின் மீது பாரம் விழும். ஆகவே அடைவு வட்டி 9,600 ரூபாவும் சங்கத் தவணை 26,000 ரூபாவும் முதலிற் கழியும்.

எஞ்சும் 99,400 ரூபாவையும் வட்டி கூடிய கடனுக்கே செலுத்துதல் வேண்டும். தனியார் கடன் வட்டியுடன் 78,000 ரூபாவாகின்றது. அது முற்றாகத் தீர்ந்துவிடும். மிகுதி 21,400 ரூபா பசளைக் கடைக்குச் சேரும். அங்கு 23,600 ரூபா நிலுவையாகும்.

இவ்வாறன்றி, நால்வர் மனமும் நோகாதிருக்க 135,000 ரூபாவைச் சமமாகப் பங்கிட்டுக் கொடுப்போரும் உளர். அவ்வாறு செய்தால் தனியாரிடம் இன்னும் 44,250 ரூபா நிற்கும். அடுத்த ஆறு மாதங்களில் அதற்கு மாத்திரம் 13,275 ரூபா வட்டி ஏறும். பசளைக் கடை நிலுவைக்கும் அதே மறைவான வீதமே தொடருமெனக் கொண்டு நான்கு கடன்களையுஞ் சேர்த்துப் பார்த்தால், முதல் முறையில் ஆறு மாத வட்டி ஏறக்குறைய 18,300 ரூபா. சமப் பங்கீட்டில் ஏறக்குறைய 27,150 ரூபா. வேறுபாடு 8,800 ரூபாவிற்கு மேல். கொடுத்த தொகை ஒன்றே; கொடுத்த ஒழுங்கு மாறியமையால் ஓர் அந்தர் பசளையின் விலையளவு பணம் வீணாகின்றது.

படலையில் வந்து நின்று கேட்பவருக்கே பலர் முதலிற் கொடுக்கின்றனர். ஓசையின்றி ஏறும் வட்டி கேட்க வருவதில்லை. யாருக்கு முதலிற் கொடுப்பதென்பதைக் கொப்பியே தீர்மானித்தல் வேண்டும்.

சேமிப்புக் கணக்குகளை ஒழுங்குபடுத்தல்

நான்கு பங்குகளையும் ஒரே புத்தகத்தில் வைத்தால் அவை விரைவிற் கலந்துவிடும். மூன்று கணக்குகள் போதுமானவை.

கமச்செலவுப் பணம் பங்குனி முதற் புரட்டாதி வரை காத்திருப்பதாகும். சிறுபோகஞ் செய்யாதோர் இதனை ஆறு மாத நிலையான வைப்பில் இடலாம். உழவு தொடங்கும் வேளையில் அது முதிர்ந்து கைக்கு வரும். சிறுபோகமுஞ் செய்வோர் அதற்குரிய பகுதியைச் சாதாரண சேமிப்புக் கணக்கில் வைத்து, எஞ்சியதை மாத்திரம் நிலையான வைப்பில் இடுதல் நன்று.

வீட்டுச் செலவுப் பணத்தை அண்மையிலுள்ள வங்கியிலோ கூட்டுறவு கிராமிய வங்கியிலோ வைத்து, மாதத்தில் ஒரு நாள் அம்மாதத்திற்குரிய தொகையை மாத்திரம் எடுத்தல் வேண்டும். மாதம் முடியுமுன் மீண்டும் எடுக்க நேர்ந்தால், அதன் காரணங் கொப்பியில் எழுதப்படல் வேண்டும்.

இடர்ப் பணம் வேறோர் இடத்தில், கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருத்தல் நன்று. 1885 ஆம் ஆண்டிலே தொடங்கிய தபாலகச் சேமிப்பு வங்கி, 1971 ஆம் ஆண்டின் சட்டத்தாலே தேசிய சேமிப்பு வங்கியுடன் இணைக்கப்பட்டது. அவ்வங்கியின் வைப்புகளுக்கு அரசாங்கம் பொறுப்பு நிற்கின்றது. தபாலகங்கள் வாயிலாகவும் அதிற் பணம் இடலாம். நகரத்து வங்கிக்குச் செல்ல வசதியற்றோருக்கு இது ஏற்றது.

இடர்ப் பணம் எதற்கென்பதை அண்மைக்கால நிகழ்ச்சிகளே காட்டுவன. 2021 ஆம் ஆண்டிலே இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டு, அவ்வாண்டு இறுதியிலே தடை நீக்கப்பட்டபோது, பெரும்போக விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. 2024 ஆம் ஆண்டு கார்த்திகை மாத வெள்ளத்தாற் கிழக்கு மாகாணத்தின் வயல்கள் பல மூழ்கின. இத்தகைய வேளையில் மறு விதைப்பிற்குக் கையிற் பணமுள்ளவர் வட்டிக்காரரை நாடவேண்டியதில்லை.

எனினும், வட்டி கூடிய கடன் இருக்கும்வரை இவ்வளவிற்கு மேல் சேமித்தல் இலாபமன்று. சேமிப்புக் கணக்கிற்கு வங்கி கொடுக்கும் வட்டி, தனியார் கடனுக்குக் கொடுக்கும் வட்டியின் ஒரு சிறு பங்கே. நூற்றுக்கு 60 கொடுத்துக்கொண்டு, மிகக் குறைந்த வட்டிக்குப் பணத்தைப் பூட்டிவைத்தல், வரம்பில் நண்டுவளை இருக்க வயலுக்கு நீர் பாய்ச்சுவது போலாகும். அக்கடன் தீர்ந்தபின், அதற்கெனக் கொடுத்துவந்த தொகையை நிறுத்தாது அடுத்த கடனுக்குக் கொடுத்தல் வேண்டும். எல்லாந் தீர்ந்தபின் அதே தொகை சேமிப்பாகும்.

மரக்கறிச் செய்கையாளர்

வெங்காயம், மிளகாய், கத்தரி, கோவா முதலியன செய்வோருக்குப் பணஞ் சிறிது சிறிதாக வருவதால் பிரிப்பது எளிது, கரைவதும் எளிது. ஒவ்வொரு சந்தை நாளும் விற்ற பணத்தைப் பத்துப் பங்காக்கி, நான்கைச் செய்கைச் செலவுக்கும், மூன்றை வீட்டிற்கும், இரண்டைக் கடனுக்கும், ஒன்றை இடருக்கும் ஒதுக்கலாம். விலை உயர்ந்த கிழமைகளில் வீட்டுப் பங்கைக் கூட்டாது, மிகுதியைச் செய்கைக் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்; ஏனெனில் எல்லோர் தோட்டமும் ஒருங்கே விளையும் மாதத்தில் விலை வீழ்வது நிச்சயம்.

தவிர்க்க வேண்டியவை

ஒரு கடனைத் தீர்ப்பதற்கு அதனிலும் வட்டி கூடிய வேறொரு கடனைப் பெறலாகாது. வட்டி குறைந்த கடனால் வட்டி கூடியதைத் தீர்ப்பது தக்கதே. ஆயின் பழைய கடன் அன்றே அடைக்கப்பட்டுப் பற்றுச்சீட்டும் பெறப்படல் வேண்டும்.

கழிவுச் சீட்டை முந்தி எடுப்பவர் உண்மையிற் கடன் பெறுகின்றவரே. கழித்த தொகை அவர் கொடுக்கும் வட்டியாகும். கமச்செலவுப் பணத்தை எழுத்தாதாரமற்ற சீட்டுகளிலும் தனியார் வைப்புகளிலும் இடுதல் ஆபத்தானது.

கடன் தள்ளுபடி வருமென்று தவணையைத் தள்ளிவைத்தலும் தகாது. 2018 ஆம் ஆண்டில் வரட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற நுண்கடன்களிற் சில தள்ளுபடி செய்யப்பட்டன. எல்லாக் கடன்களும் அதில் அடங்கவில்லை.

கையெழுத்திட்ட வெற்றுத்தாளையோ காணி உறுதியையோ எவரிடமும் ஒப்படைக்கலாகாது. காணியை ஈடு வைத்து அல்லது மீட்கும் நிபந்தனையுடன் உறுதி எழுதிக் கடன்பட்டு இடர்ப்படுவோர், 1941 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்கீழ் அமைந்த கடன் இணக்கச் சபையை நாடலாம்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. எல்லாக் கடன்களையும் ஒரே கொப்பியில், ஆண்டு வட்டி வீதத்துடன் எழுதுக.
2. நெல் விற்ற அன்றே பணத்தைப் பிரிக்குக. கமச்செலவுப் பங்கை விதைநெல்லெனக் காக்குக.
3. கட்டாயத் தவணைகளைச் செலுத்தியபின், மிகுதி முழுவதையும் வட்டி கூடிய கடனுக்குக் கொடுக்குக.
4. கமச்செலவு, வீட்டுச் செலவு, இடர் ஆகிய மூன்றையும் வெவ்வேறு கணக்குகளில் வைக்குக.
5. ஒவ்வொரு போக முடிவிலும் வீட்டாருடன் கூடியிருந்து கொப்பியைப் பார்த்துத் திட்டத்தைத் திருத்துக.

ஒரு போகத்தில் எல்லாக் கடனுந் தீர்ந்துவிடாது. ஆனால் புரட்டாதியில் உழவு இயந்திரத்திற்குச் சொந்தப் பணத்திற் கூலி கொடுக்கும் கமக்காரர், கடனின் வேரை அறுக்கத் தொடங்கிவிட்டார் என்பதில் ஐயமில்லை. தத்தம் வயலுக்கேற்ற செலவுக் கணக்கைத் தயாரிக்க விரும்புவோர், தமது பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்திற் சந்திப்பாராக.