வென்ற அணியை மாற்றலாமா?

2017 நவம்பர் 13, மிலான் நகரின் சான் சிரோ மைதானம். உலகக் கோப்பைக் கால்பந்துத் தகுதிச்சுற்றில் மூன்று நாளுக்கு முன் ஸ்வீடனில் 1-0 என்று தோற்றிருந்த இத்தாலி, சொந்த மண்ணில் கோல் அடித்தே தீர வேண்டிய இரவு. இரண்டாம் பாதியில் நேரம் கரைந்துகொண்டிருக்கிறது. பெஞ்சில் இருந்த டேனியேல் தே ரோஸியிடம் வார்ம்-அப் செய்யச் சொல்கிறார்கள். தே ரோஸி நடுக்களத்தில் எதிரணியை மறிக்கும் ஆட்டக்காரர். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. டிரா செய்தால் போதாது, ஜெயிக்க வேண்டும், என்னை எதற்கு இறக்குகிறீர்கள் என்று கேட்டபடி, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்த முன்கள வீரர் லொரென்ஸோ இன்சிக்னேவைச் சுட்டிக் காட்டுகிறார். கேமரா அத்தனையையும் படம் பிடித்துவிட்டது.

இன்சிக்னே கடைசிவரை களம் இறங்கவில்லை. ஆட்டம் 0-0. 1958-க்குப் பிறகு முதல்முறையாக இத்தாலி இல்லாமல் ஓர் உலகக் கோப்பை நடந்தது. பயிற்சியாளர் ஜியான் பியெரோ வெந்தூராவுக்கு இரண்டே நாளில் வேலை போனது.

ஒரு தேசிய அணியின் முதல் பதினொருவரைத் தேர்ந்தெடுப்பது டீக்கடை பெஞ்சில் எல்லோருக்கும் கைவந்த கலை. நாட்டின் தலைசிறந்த பதினோரு பெயர்களை எழுதினால் வேலை முடிந்தது என்று தோன்றும். தகுதிச்சுற்றில் அந்தக் கணக்கு எடுபடாது. யார் சிறந்தவர் என்பதைவிட, இந்த ஊரில், இந்த நாளில், இந்த எதிரணிக்கு எதிராக யாருடைய கால் ஓடும் என்பதுதான் அங்கே கேள்வி.

கிளப் பயிற்சியாளருக்கு ஆண்டு முழுக்க வீரர்கள் கண் முன்னே இருப்பார்கள். தேசியப் பயிற்சியாளருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்காக ஆடியவர் திங்களோ செவ்வாயோ விமானத்தில் வந்து இறங்குவார். வியாழனோ வெள்ளியோ முதல் ஆட்டம். அடுத்த செவ்வாயன்று இன்னொரு நாட்டில் இரண்டாவது ஆட்டம். இடையில் முழு அணியாகச் சேர்ந்து பயிற்சி எடுக்கக் கிடைப்பது இரண்டு மூன்று தடவைதான். முதல் ஆட்டத்துக்கு அணி அமைப்பது பெரிய விஷயமில்லை. நாலாம் நாள் ஆட்டத்தில்தான் பயிற்சியாளரின் சாயம் வெளுக்கும்.

இதற்கு ஒரே பயிற்சியாளர், ஒரே ஆண்டில், இரண்டு விதமான பாடம் தந்திருக்கிறார். அவர் அமெரிக்காவின் புரூஸ் அரீனா. 2018 உலகக் கோப்பைக்கான கடைசிக் கட்டத் தகுதிச்சுற்றை முதல் இரண்டு ஆட்டத்திலும் தோற்றுத் தொடங்கிய அமெரிக்கா, யுர்கன் கிளின்ஸ்மானை அனுப்பிவிட்டு 2016 நவம்பரில் அவரைக் கொண்டுவந்தது.

2017 ஜூன் 8-ஆம் தேதி டிரினிடாட் அண்டு டொபேகோவுடன் ஆட்டம். மூன்றே நாளில், 11-ஆம் தேதி, மெக்சிகோ சிட்டியின் அஸ்டெகா மைதானத்தில் மெக்சிகோவுடன் ஆட்டம். அஸ்டெகா கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. உயரம் உடம்புக்குப் பழகட்டும் என்று முதல் ஆட்டத்தையே மலை மாநிலமான கொலராடோவில் நடத்தினார்கள். கிறிஸ்டியன் புலிசிக் அடித்த இரண்டு கோல்களால் 2-0 வெற்றி. வென்ற அணியைத் தொடக் கூடாது என்பது வழக்கம். அரீனா அதில் ஏழு பேரை மாற்றினார். கோல்கீப்பரே வேறு. பின்வரிசையில் ஐந்து பேரை நிறுத்தினார். அவர்களில் இடது பக்கம் நின்ற டமார்கஸ் பீஸ்லிக்கு வயது 35. ஆறாவது நிமிடத்தில் மைக்கேல் பிராட்லி ஏறக்குறைய நடுக்களத்திலிருந்தே பந்தைத் தூக்கி கோல்கீப்பரின் தலைக்கு மேல் போட்டார். கார்லோஸ் வேலா சமன் செய்ய, ஆட்டம் 1-1. அஸ்டெகாவிலிருந்து ஒரு புள்ளியோடு திரும்புவது அமெரிக்கர்களுக்கு அபூர்வம். அரீனாவின் துணிச்சலை எல்லோரும் மெச்சினார்கள்.

அதே ஆண்டு அக்டோபர். வெள்ளிக்கிழமை 6-ஆம் தேதி ஆர்லாண்டோவில் பனாமாவை 4-0 என்று அமெரிக்கா துவைத்து எடுத்தது. செவ்வாய்க்கிழமை டிரினிடாடின் கூவா நகரில் கடைசி ஆட்டம். டிரினிடாட் பட்டியலில் கடைசி இடம். உலகக் கோப்பைக் கனவு எப்போதோ கலைந்துபோன அணி. அமெரிக்காவுக்கு ஒரு டிரா போதும். முந்தைய நாள் மழையில் அட்டோ போல்டன் மைதானத்தைச் சுற்றிய ஓடுபாதை குளமாகிவிட்டது. ஷூ நனையாமல் இருக்க, அணி ஊழியர்கள் வீரர்களை முதுகில் உப்புமூட்டை தூக்கி அக்கரை சேர்த்த படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின.

இந்த முறை அரீனா ஒருவரைக்கூட மாற்றவில்லை. ஆர்லாண்டோவில் இறங்கிய அதே பதினொருவர், அதே வியூகம்: எதிரணியை மறிக்க நடுக்களத்தில் பிராட்லி ஒற்றை ஆள், அவருக்கு முன்னால் இருப்பவர்கள் எல்லாம் தாக்கப் போகிறவர்கள். சொந்த ஊரில் பனாமாவை மூச்சுத் திணறவைத்த அமைப்புதான் இது. ஈரத் தரையில், நாலு நாள் பழைய களைப்போடு, அதுவே ஓட்டையாக மாறியது. பிராட்லியின் இரு பக்கமும் டிரினிடாட் வீரர்கள் இஷ்டத்துக்குப் பந்தோடு நடமாடினார்கள். இங்கிலாந்து பிரீமியர் லீகில் ஆடிப் பழகிய டிபெண்டர் ஜெஃப் கேமரன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

17-வது நிமிடத்தில் ஓமர் கான்சாலஸ் தடுக்கப்போன பந்து, எகிறி டிம் ஹோவர்டின் தலைக்கு மேல் வலைக்குள் போய் சேம் சைடு கோல் ஆனது. 37-வது நிமிடத்தில் ஆல்வின் ஜோன்ஸ் வெகுதூரத்திலிருந்து உதைத்தது இரண்டாவது கோல். இடைவேளை முடிந்ததும் புலிசிக் ஒன்றைத் திருப்பினார். கிளின்ட் டெம்ப்ஸி உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஆட்டம் 2-1. அதே நேரத்தில் வேறு இரு ஊர்களில் ஹோண்டுராஸ் மெக்சிகோவை 3-2 என்றும், பனாமா கோஸ்டாரிகாவை 2-1 என்றும் வென்றன. பனாமாவின் கோல்களில் ஒன்று கோட்டையே தாண்டாத பந்துக்குக் கொடுக்கப்பட்டது. ஆறு அணிகளில் அமெரிக்காவுக்கு ஐந்தாம் இடம். 1986-க்குப் பிறகு முதல்முறையாக உலகக் கோப்பை கை நழுவியது. மூன்றாம் நாள் அரீனா ராஜினாமா செய்தார்.

அணியை மாற்றாததுதான் தோல்விக்கு ஒரே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அந்தக் கம்பம் நாலு விரற்கடை தள்ளியிருந்தால் அரீனா உலகக் கோப்பைக்கு ரஷ்யா போயிருப்பார். பழகிய டிபெண்டர்களைக் கலைக்காமல் வைப்பதில் நியாயமும் உண்டு. ஆனால் ஜூன் மாதம் அவர் எதிரே இருக்கும் ஆட்டத்தைப் பார்த்து அணி எழுதினார்; அக்டோபரில் முடிந்துபோன ஆட்டத்தைப் பார்த்து எழுதினார்.

இதே பள்ளத்தில் அதற்கு எட்டு ஆண்டுக்கு முன் டீகோ மாரடோனாவும் விழுந்திருக்கிறார். அர்ஜென்டினாவின் பயிற்சியாளராக 2009 மார்ச் 28-ல் வெனிசுலாவை 4-0 என்று வென்றார். நாலு நாள் கழித்து, 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் பொலிவியாவின் லா பாஸில் ஆட்டம். மெஸ்ஸி, டெவஸ், மஸ்கெரானோ, ஸனெட்டி என்று பேர்போன பட்டாளத்தோடு போய் 6-1 என்று உதை வாங்கித் திரும்பினார். அத்தனை உயரத்தில் சர்வதேசப் போட்டி கூடாது என்று ஃபிஃபா கிளப்பிய தடைப் பேச்சை எதிர்த்து, அதற்கு முந்தைய ஆண்டு அதே லா பாஸில் காட்சி ஆட்டம் ஆடிக் காட்டியவரும் மாரடோனாதான். பொலிவியா பிறகு இன்னும் மேலே, 4,000 மீட்டரைத் தாண்டிய எல் ஆல்டோவுக்குச் சொந்த மைதானத்தை மாற்றிக்கொண்டது. 2025 செப்டம்பரில் பிரேசிலை அங்கே 1-0 என்று வீழ்த்தி, உலகக் கோப்பைக்கான பிளே-ஆஃப் இடத்தைப் பிடித்தது.

உயரமும் களைப்பும் போதாதென்று மஞ்சள் அட்டையும் வந்து பயிற்சியாளரின் பேனாவைப் பிடுங்கும். தகுதிச்சுற்றில் வெவ்வேறு ஆட்டங்களில் இரண்டு மஞ்சள் அட்டை வாங்கினால் அடுத்த ஆட்டம் கிடையாது. ஸ்வீடனில் அட்டை வாங்கிய மார்கோ வெராட்டி சான் சிரோவில் ஆட முடியவில்லை. அதுவரை வெந்தூரா கண்டுகொள்ளாமல் வைத்திருந்த ஜோர்ஜினியோவை, இத்தாலியின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் இரவில் முதல் பதினொருவரில் இறக்க வேண்டி வந்தது. ஜோர்ஜினியோ நன்றாகவே ஆடினார். இவரை ஏன் முன்பே எடுக்கவில்லை என்ற கேள்விதான் மிஞ்சியது.

இந்தியாவின் கதையில் கிரக நிலையும் சேர்ந்துகொண்டது. 2022 ஜூனில் ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றில் ஆப்கானிஸ்தானுடன் ஆடுவதற்கு முன், அப்போதைய பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் வீரர்களின் பட்டியலை ஒரு ஜோதிடருக்கு அனுப்பி, யாருக்கு நாள் நன்றாக இருக்கிறது என்று கேட்டதாக 2023 செப்டம்பரில் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' செய்தி வெளியிட்டது. நாடே சிரித்தது. அந்த ஆட்டத்தில் சுனில் சேத்ரியும் கடைசி நேரத்தில் சஹல் அப்துல் சமதும் கோல் அடிக்க, இந்தியா 2-1 என்று வென்றது.

இந்தியப் பயிற்சியாளரின் உண்மையான தலைவலி ஜாதகத்தில் இல்லை, லீகில் இருக்கிறது. ஐ.எஸ்.எல். எனப்படும் இந்தியன் சூப்பர் லீகின் கிளப்புகள் கோல் அடிக்கும் இடத்துக்குப் பெரும்பாலும் வெளிநாட்டு வீரர்களையே வைத்துக்கொள்கின்றன. 2024 ஜூனில் ஓய்வு பெற்ற சேத்ரி, அடுத்த சீசனில் 14 கோல் அடித்து இந்திய வீரர்களில் முதலிடம் பிடித்தார். 40 வயதில் அவரையே திரும்ப அழைத்தார் பயிற்சியாளர் மனோலோ மார்க்கெஸ். 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் வங்கதேசத்துடன் நடந்த தகுதிச்சுற்று ஆட்டம் 0-0. அக்டோபரில், காலித் ஜமீல் பயிற்சியாளராக இருந்தபோது, சிங்கப்பூர் கோவாவுக்கு வந்து 2-1 என்று வென்று இந்தியாவின் ஆசியக் கோப்பை வாய்ப்பை முடித்துவைத்தது. சிங்கப்பூரின் இரண்டு கோலையும் அடித்தவர் சாங் உய் யங். தென் கொரியாவில் பிறந்து, சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர். இந்தியாவோ இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. வெளிநாட்டில் வளர்ந்த இந்திய வம்சாவளி வீரர் நீலச் சட்டை போட வேண்டுமானால், கையில் இருக்கும் பாஸ்போர்ட்டைத் துறந்தாக வேண்டும்.

சர்வதேச ஆட்டங்களின் அட்டவணையும் இப்போது மாறுகிறது. செப்டம்பரிலும் அக்டோபரிலும் தனித்தனியாக இருந்த இடைவெளிகளை, 2026 முதல் ஒன்றாக இணைக்கிறது ஃபிஃபா. இரண்டு ஆட்டத்துக்குப் பதில் ஒரே மூச்சில் நாலு ஆட்டம். ஆட்டத்துக்கு ஐந்து மாற்று வீரர்களை இறக்கலாம் என்ற விதி கொஞ்சம் கைகொடுக்கும். ஆனாலும் முதல் ஆட்டத்தில் வென்ற பதினொருவரையே நாலாவது ஆட்டம்வரை இழுத்துக்கொண்டு போக எந்தப் பயிற்சியாளராலும் முடியாது.