மேடையில் நம் பேச்சு

நாடகம் பண்பாட்டைக் காக்கிறது என்று நிகழ்ச்சி மலர்களின் வாழ்த்துரைகளில் ஆண்டுதோறும் படிக்கிறோம். எப்படிக் காக்கிறது என்றுதான் அவற்றில் இருப்பதில்லை. சிங்கப்பூர்த் தமிழ் நாடகத்தின் பெரும்பயனாக நான் கருதுவது ஒன்றுதான்: நாம் பேசும் தமிழுக்குப் பொது இடத்தில் அது ஓர் இடம் தருகிறது.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 5 வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காட்டினரே. பேச்சுத் தமிழுக்குப் பள்ளியில் முக்கியத்துவம் தர வேண்டும் என்று தமிழ்மொழிப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு 2005-இல் பரிந்துரைத்தது. நல்ல முடிவு. ஆனால் வகுப்பில் பேசுவது மதிப்பெண்ணுக்காக; ஒரு வாக்கியத்தை ஒருமுறை சொன்னால் போதும். ஒத்திகையில் அதே வாக்கியத்தைக் கோபமாக, கெஞ்சலாக, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி வாரக்கணக்கில் சொல்ல வேண்டும். எங்கள் தமிழ்ப் பேரவையின் 'சங்கே முழங்கு' ஒத்திகைகளில், வசனத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு வந்த பொறியியல் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். "அம்மா பசியாறிவிட்டார்களா?" என்று பாடப் புத்தகம்போல் ஒப்பித்தவர்கள், சில வாரங்களில் "அம்மா பசியாறிட்டாங்களா?" என்று இயல்பாகக் கேட்கத் தொடங்கினார்கள். இலக்கண வகுப்பு எதுவும் நடக்கவில்லை. எதிரில் நிற்பவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

'பசியாறுவது' நம் சொல். சென்னைத் தொலைக்காட்சித் தொடர்களில் அது காதில் விழுவது அரிது. அங்கே லாரி ஓடும், இங்கே லோரி. புளோக்கு, கோப்பிக்கடை, தேக்கா எல்லாம் நம் தமிழ். இவற்றைக் கூச்சமில்லாமல் கேட்க வைத்தவர்களில் 'புதுமைதாசன்' பி. கிருஷ்ணனை முதலில் சொல்ல வேண்டும். அவருடைய 'அடுக்கு வீட்டு அண்ணாசாமி' வானொலி நாடகம்தான்; ஆனாலும் அடுக்குமாடி வீட்டில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தை நம் காதுக்குக் கொண்டுவந்தது அது. பிறகு 1988-இல் ரவீந்திரன் நாடகக் குழு, 1991-இல் இளங்கோவனின் அக்கினிக்கூத்து, 2011-இல் அவாண்ட் நாடகக் குழு என்று மேடை தொடர்ந்திருக்கிறது.

சொல்லோடு விஷயமும் வரும். இந்திய முஸ்லிம் பெண்ணொருத்தியின் மணவாழ்க்கைத் துன்பத்தைச் சொன்ன இளங்கோவனின் 'தலாக்' 1998-இல் தமிழில் மேடையேறியது. சமூகத்துக்குள் எதிர்ப்பு எழுந்தது. 2000-இல் அதை மீண்டும் மேடையேற்ற உரிமம் மறுக்கப்பட்டது. அந்த நாடகத்தை ஏற்காதவர்கள் பலர். ஆனால் அதே செய்தி பத்திரிகைக் கட்டுரையாக வந்திருந்தால் இவ்வளவு சலசலப்பு இருந்திருக்குமா என்பது ஐயமே. சமையலறையில் தணிந்த குரலில் பேசும் தமிழை ஒருத்தி விளக்கொளியில் நின்று உரக்கப் பேசினாள். நாடகத்தைத் தவிர வேறெங்கே அது நடக்கும்?

நல்லெண்ணத்தோடு பிரதியைத் திருத்தும் சிலர் லோரியைச் சரக்குந்து ஆக்கிவிடுகிறார்கள். கட்டுரைக்குச் சரக்குந்து பொருந்தலாம். மேடையில், அவசரமாக ஓடிவந்து சேதி சொல்பவன் வாயில் அது வருவதில்லை. எழுதும் தம்பி தங்கைகள் இதில் பிடிவாதமாக இருக்கலாம்.

தமிழ் சரளமாக வராது என்று தயங்குபவர்களும் அடுத்த நடிகர் தேர்வுக்குப் பெயர் கொடுங்கள். கோப்பிக்கடைக் காட்சியில் பின்மேசையில் உட்கார எப்போதும் ஆள் குறைவு.