விழித்திரை விலகல் அறுவைக்குப் பிந்தைய மாற்றங்களை மதிப்பிடுதல்

திறவுச்சொற்கள்: விழித்திரை விலகல், மாக்குலா, ஓ.சி.டி., ஒளியுணர் செல்கள்

முன்னுரை

விழித்திரையில் விழுந்த கிழிசல் வழியே நீர்மம் புகுந்து, ஒளியுணர் செல்களை அவற்றின் அடியிலுள்ள நிறமிப் படலத்திலிருந்து பிரிப்பதே விழித்திரை விலகலின் பெருவழக்கான வகையாகும். கிழிசலை அடைத்தால் விழித்திரை மீண்டும் ஒட்டும் என்பதை 1920களில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஜூல் கோனின் நிறுவினார். இன்று பெரும்பாலான அறுவைகளில் விழித்திரை ஒட்டிவிடுகிறது. ஆயினும், பார்வை எல்லோருக்கும் முன்போல் மீள்வதில்லை. இவ்வேறுபாட்டின் காரணங்களை எவ்வாறு கண்டறிவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மாக்குலாவின் நிலை

கூர்ந்த பார்வைக்குரிய மாக்குலாவின் நடுக்குழியில் இரத்தக் குழாய்கள் இல்லை. அங்குள்ள கூம்புச் செல்கள் அடியிலுள்ள கோராய்டு படலத்திலிருந்தே ஊட்டம் பெறுகின்றன. ஆதலின், விலகல் மாக்குலாவை எட்டியதா, எத்தனை நாள் நீடித்தது என்பவற்றை அறுவைக்கு முன்னரே பதிவுசெய்தல் வேண்டும். பின்னர்ப் பெறும் அளவீடுகள் யாவும் இப்பதிவோடு ஒப்பிட்டே பொருள் பெறும்.

ஓ.சி.டி. படங்கள் காட்டுவன

1991இல் அறிமுகமான ஓ.சி.டி., விழித்திரையின் குறுக்குவெட்டை மைக்ரோமீட்டர் அளவில் காட்டுகிறது. நேர்நோக்கில் முற்றும் ஒட்டியதாகத் தோன்றும் விழித்திரையின் அடியிலும் நீர்மம் எஞ்சியிருப்பதை இது வெளிப்படுத்தும். வெண்படலத்தின்மீது சிலிக்கோன் பட்டை பொருத்தும் அறுவைக்குப் பின் இந்நீர்மம் பல மாதங்கள் நீடிப்பதுண்டு. பெரும்பாலும் தானே வற்றிவிடும். ஒளியுணர் செல்களைச் சார்ந்த எலிப்சாய்டு அடுக்கு தொடர்ச்சியின்றி இருப்பின் பார்வை குறையும். இத்தொடர்ச்சி காலப்போக்கில் மீளவும் கூடும். மாறாக, மாக்குலாவின் மேற்பரப்பில் படரும் சவ்வும், அதனுள் தேங்கும் வீக்கமும் சிகிச்சையை வேண்டக்கூடியவை. காத்திருக்கத் தக்கது எது, தலையிடத் தக்கது எது என்பதை ஒரே படத்தால் துணிய இயலாது. குறித்த இடைவெளிகளில் அதே இடத்தை மீண்டும் படமெடுத்து ஒப்பிடல் வேண்டும்.

இடப்பெயர்வு

விழித்திரை ஒட்டும்போது தன் பழைய இடத்திலிருந்து சற்று நகர்ந்து ஒட்டுவதும் உண்டு. தன்னொளிர்வுப் படங்களில் இரத்தக் குழாய்களுக்கு இணையாகத் தோன்றும் ஒளிர்கோடுகள், அக்குழாய்கள் முன்பிருந்த இடத்தைச் சுட்டுவனவாகக் கொள்ளப்படுகின்றன. இத்தகையோர் எழுத்துப் பலகையில் சிறு எழுத்துகளைப் படித்தும், நேர்கோடு வளைந்து தெரிவதாகக் கூறலாம். அம்ஸ்லர் கட்டச் சோதனை அக்கூற்றுக்குச் சான்றளிக்கும்.

முடிவுரை

‘விழித்திரை ஒட்டியது’ என்னும் குறிப்பு அறுவையின் வெற்றியைக் கூறுமேயன்றிப் பார்வையின் நிலையைக் கூறாது. அடுக்குகளின் தொடர்ச்சி, எஞ்சிய நீர்மம், இடப்பெயர்வு, நோயர் உணரும் உருத்திரிபு ஆகியவற்றையும் சேர்த்துப் பதிவுசெய்வதே முழுமையான மதிப்பீடாகும். நோயரின் குறையைப் புறந்தள்ளாதிருக்கவும் அதுவே வழியாகும்.