பனிமூட்டமா, புகைமூட்டமா? கேமரன் மலையில் வசிப்போர் அறிய வேண்டியவை

கேமரன் மலைக்கு மூட்டம் புதிதல்ல. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. தேயிலைத் தோட்டங்களையும் காய்கறித் தோட்டங்களையும் காலையில் பனி மூடுவது இங்கு வழக்கம். அதனாலேயே புகைமூட்டம் வரும்போதும் அதைப் பனி என்று நினைத்துவிட வாய்ப்புண்டு. ஆஸ்துமா அல்லது இருதய நோய் உள்ளவர்களுக்கு இந்தத் தவறான எண்ணம் ஆபத்தாக முடியலாம்.

வேறுபாட்டை அறிவது எப்படி?

பனிமூட்டம் வெண்மையானது, ஈரமானது. இலைகளிலும் வாகனக் கண்ணாடியிலும் நீர்த்துளிகள் படியும். அதற்கு வாடை இல்லை. பெரும்பாலும் வெயில் ஏறியதும் கலைந்துவிடும்.

புகைமூட்டம் சாம்பல் அல்லது பழுப்பு நிறமாகவும் வறண்டும் இருக்கும். எரிந்த வாடை வீசலாம். கண் எரியும், தொண்டை கரகரக்கும். நண்பகலிலும் எதிரேயுள்ள மலை மங்கலாகவே தெரியும். குளிர்ந்த காலை வேளைகளில் இரண்டும் கலந்தே இருக்கலாம். ஐயம் இருந்தால் புகைமூட்டம் என்றே கருதி நடந்துகொள்ளுங்கள்.

மலைக்குப் புகை எப்படி வருகிறது?

ஏறக்குறைய ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. இக்காலத்தில் மழை குறைவு. சுமத்ராவில் காடும் கரிச்சதுப்பு நிலமும் எரிந்தால், அப்புகையைக் காற்று தீபகற்ப மலேசியாவுக்குக் கொண்டுவருகிறது. சதுப்பு நிலத் தீ மண்ணுக்கடியிலும் கனன்றுகொண்டிருப்பதால் எளிதில் அணைவதில்லை. 1997, 2005, 2013, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் நாட்டில் கடுமையான புகைமூட்டம் ஏற்பட்டது. இப்புகை மிக உயரத்துக்கும் எழும்பும் என்பதால் மலைப்பகுதி தப்பிவிடுவதில்லை.

உள்ளூர்ப் புகையும் உண்டு. இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் இறங்கித் தங்கும். அதன்மேல் வெப்பமான காற்று மூடிபோல் நிற்கும்போது, குப்பையையோ காய்ந்த செடிகொடிகளையோ எரித்த புகை மேலே போக வழியின்றி வீடுகளைச் சுற்றியே நிற்கும். திறந்தவெளி எரிப்பு 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி குற்றமாகும்.

உடலுக்கு என்ன கேடு?

புகையிலுள்ள நுண்துகள்களில் 2.5 மைக்ரோனுக்கும் சிறியவை அதிகத் தீங்கு தருபவை. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கே இருப்பதால் இவை நுரையீரலின் ஆழம் வரை சென்று, இரத்தத்திலும் கலக்கக்கூடும். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர், ஆஸ்துமா, நுரையீரல், இருதய நோயாளிகள் ஆகியோர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தோட்டத்தில் உழைப்பவர்களும் வேகமாக மூச்சு வாங்குவதால் அதிகப் புகையை உள்ளிழுக்கிறார்கள்.

குறியீட்டைக் கவனியுங்கள்

சுற்றுச்சூழல் துறை வெளியிடும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டின் (ஐபியு) பொருள் இதுவே:

• 0–50: நன்று
• 51–100: மிதமானது
• 101–200: ஆரோக்கியமற்றது
• 201–300: மிகவும் ஆரோக்கியமற்றது
• 300க்கு மேல்: அபாயகரமானது

அருகிலுள்ள நிலையத்தின் அளவைப் பாருங்கள். அது தொலைவிலோ தாழ்நிலத்திலோ இருந்தால் உங்கள் பள்ளத்தாக்கின் நிலை வேறாக இருக்கலாம். ஆகவே குறியீட்டோடு உங்கள் கண்ணையும் மூக்கையும் சேர்த்தே நம்புங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• குறியீடு 100ஐத் தாண்டினால் வெளிப்புற விளையாட்டையும் கடின உழைப்பையும் குறைத்துக்கொள்ளுங்கள்.
• வெளியே போக நேர்ந்தால் என்95 முகக்கவரியை முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்துமாறு அணியுங்கள். துணியாலான முகக்கவரி நுண்துகள்களைப் போதிய அளவு தடுக்காது.
• சன்னல்களை மூடி வையுங்கள். வீட்டுக்குள் புகைபிடித்தல், கொசுவர்த்தி, சாம்பிராணி ஆகியவற்றைத் தவிருங்கள்.
• குளிர் காய்வதற்கோ சமைப்பதற்கோ மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயு உயிரைப் பறிக்கக்கூடியது.
• புகைமூட்டக் காலத்துக்கு முன்பே ஆஸ்துமா மருந்தையும் இன்ஹேலரையும் கிளினிக்கில் பெற்று, கையோடு வைத்திருங்கள். உடல்நிலை நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் அன்றாட மருந்தை நிறுத்தாதீர்கள்.
• போதிய தண்ணீர் குடியுங்கள்.

உடனே உதவி நாடுங்கள்

மூச்சு வாங்குவதால் ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச முடியாவிட்டால், இன்ஹேலர் பயன்படுத்தியும் மூச்சுத்திணறல் குறையாவிட்டால், நெஞ்சு வலித்தால் அல்லது உதடு நீலம் பாய்ந்தால் உடனே 999ஐ அழையுங்கள். வளைந்து நெளிந்த மலைச்சாலையில் பயணத்துக்கு நேரம் பிடிக்கும். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.