அருவிக்கரையில் ஓர் அடுப்பங்கரை

தண்பொருநைக் கரையிலே – 14

குற்றாலத்தில் சீசனுக்கு வீடு பிடிக்கப் போனால் என் பெரிய அத்தை முதலில் பார்ப்பது அடுப்பங்கரையைத்தான். அறை எத்தனை, மாடியில் நின்றால் மலை தெரியுமா என்பதெல்லாம் அப்புறம். அம்மி இருக்கிறதா, ஆட்டுக்கல்லில் குழவி சரியாகச் சுற்றுகிறதா, புகை போக வழி உண்டா, ஜன்னலில் கம்பி இருக்கிறதா? கம்பி இல்லாவிட்டால் வாழைப்பழச் சீப்பு குரங்குக்குப் போய்விடும். இத்தனையும் தேறினால்தான், "சரி, இந்த வீடே இருக்கட்டும்" என்பார்.

போன வாரம் சீவலப்பேரியில், சிற்றாறு தாமிரபரணியோடு சேருகிற இடத்தில் நின்றோம். இந்த வாரம் சிற்றாற்றின் கரையைப் பிடித்து மேலே போவோம். வீரகேரளம்புதூர், தென்காசி என்று ஏறிப்போனால் அது திரிகூடமலையிலிருந்து பேரருவியாக விழுகிற இடம் வந்துவிடும். 2019 நவம்பர் 22 முதல் குற்றாலம் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனாலும் திருநெல்வேலிக்காரர்களுக்குக் குத்தாலம் இன்றும் நம்ம ஊர்தான். அங்கே விழுகிற தண்ணீர் நம் ஆற்றுக்குத்தானே வந்து சேருகிறது.

மூட்டை முடிச்சோடு

எங்கள் குடும்பம் போன நாட்களில் திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டைக்கு மீட்டர்கேஜ் ரயில். 2012-இல்தான் அந்தத் தடம் அகலப்பாதை ஆனது. சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், ஆழ்வார்குறிச்சி, கடையம், பாவூர்சத்திரம் என்று ஸ்டேஷன்கள் கடக்கக் கடக்க மலை பக்கத்தில் வந்துகொண்டே இருக்கும். அம்பாசமுத்திரம் வரை முகத்தில் அடித்த வெயில் கடையம் தாண்டியதும் எங்கே போனதென்று தெரியாது.

எங்கள் சாமான்களைப் பார்த்தால் வீடு மாறிப் போகிறவர்கள் என்றே நினைப்பார்கள். அரிசி ஒரு சாக்கு, பருப்பு, புளி, வத்தல், தூக்குவாளியில் நல்லெண்ணெய், டப்பாவில் இட்லி மிளகாய்ப்பொடி, பம்ப் ஸ்டவ், தேங்காய் துருவி, அரிவாள்மனை. கல்சட்டியை மட்டும் ஆச்சி யாரிடமும் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வருவார். பெரிய உருளியும் அண்டாவும் அங்கேயே பாத்திரக் கடையில் வாடகைக்குக் கிடைக்கும். காய்கறிக்குத் தென்காசிச் சந்தை.

கையிலே காசு குறைவு, ஆட்கள் அதிகம். மூன்று வேளையும் ஹோட்டல் சாப்பாடு என்றால் இருபது பேருக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் செலவு மட்டும் காரணமில்லை. அருவியில் நின்றுவிட்டு வந்தால் எடுக்கிற பசி வேறு பசி. அந்தப் பசிக்கு வீட்டுச் சோறுதான் ஈடு கொடுக்கும். உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும், கூட்டாஞ்சோறும் பொரித்த வத்தலும், கடைசி நாளுக்கென்று தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சித் துவையலும் என்று ஆச்சி கிளம்பும்போதே கணக்குப் போட்டுவிடுவார். சாரலில் நனைந்து வருகிற பிள்ளைகள் கையில் சுக்குக் காபி டம்ளர் சூடாக இருக்கும்.

சாரல் வருகிற வாசல்

ஜூன் மாதம் கேரளத்தில் இறங்குகிற தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுகிறது. அதனால்தான் பாளையங்கோட்டையில் ஆனி ஆடியில் காற்று மட்டும் அடிக்கும், மழை இருக்காது. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய் ஒரு வாசல்போலத் திறந்து கிடக்கிறது. மலைக்கு அந்தப்பக்கம் பெய்து தீர்த்த மேகத்தின் மிச்சம் அந்த வாசல் வழியாகக் காற்றோடு வந்து தூவுகிறது. சுள்ளென்று வெயில் அடிக்கும், அடுத்த நிமிடம் பூப்போலத் தூறும், மறுபடி வெயில். இதுதான் சாரல்.

பேரருவியில் தண்ணீர் நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவழியில் பொங்குமாங்கடல் என்ற ஆழமான பள்ளத்தில் விழுந்து, வேகம் அடங்கி, பொங்கி வழிந்து இறங்குகிறது. அதனால்தான் அத்தனை உயரத்து அருவியின் கீழே பச்சைப்பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டும் நிற்க முடிகிறது. தண்ணீர் பெருகி அருவிக்கு முன்னால் இருக்கிற வளைவைத் தொட்டு விழ ஆரம்பித்தால் குளிக்க விடமாட்டார்கள். அந்தத் தடையை யாரும் சலித்துக்கொள்ள வேண்டாம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் பள்ளிப் பருவத்துப் பிள்ளை ஒருவனைக் கொண்டுபோய்விட்டது. மலைமேல் பெய்கிற மழை கீழே நிற்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. போலீஸ்காரர் விசில் ஊதினால் அந்த நொடியே விலகிவிட வேண்டும்.

விருந்துக்குப் பேர்போன ஊர்

சீசனுக்குக் குற்றாலத்தில் வீடு வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்று நேற்று வந்ததில்லை. கம்பெனிக் காலத்திலேயே திருநெல்வேலி வெயில் தாங்காத ஆங்கிலேய அதிகாரிகள் இங்கே பங்களா கட்டிக்கொண்டார்கள். ஜாதிக்காயும் கிராம்பும் வைத்துத் தோட்டம் போட்டார்கள். இன்றும் சீசனில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்காமல் யாரும் ஊர் திரும்புவதில்லை.

ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் 1954-இல் மறையும்வரை வாழ்ந்ததும் இந்த ஊரில்தான். அவர் வீட்டுக்கு ராஜாஜி வந்தார், கல்கி வந்தார். கம்பன் பாட்டும் இட்லியும் சேர்ந்தே பரிமாறப்பட்ட வீடு என்று தமிழ் எழுத்துலகம் அதை இன்றும் கொண்டாடுகிறது. அந்த விருந்தைப் பற்றிப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு ஒரு நினைப்பு வரும். கூடத்தில் கவிதை நடந்துகொண்டிருந்தபோது அடுப்படியில் நின்றவர்கள் யார் யார்? மாவு எத்தனை மணிக்கு அரைத்தார்கள்? அவர்கள் எந்நேரம் போய் அருவியில் குளித்தார்கள்?

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததில்லை, என் அம்மாவிடமிருந்து வந்தது.

ராத்திரிக் குளியல்

"நீங்க எல்லாரும் குளிச்சிட்டு வாங்க, நான் உலையப் போடுதேன்." குற்றாலத்தில் அம்மாவும் மைனியும் ஒருநாளைக்கு ஐந்தாறு தடவை சொல்லுகிற வார்த்தை இது. காலையில் நாங்கள் ஐந்தருவிக்குப் போய்த் திரும்பும்போது இட்லி வெந்திருக்கும். மத்தியானம் பேரருவியிலிருந்து வந்தால் இலை போட்டிருக்கும். சாயங்காலம் சிற்றருவி, வந்ததும் சுண்டல். பெரியப்பாவும் மாமாக்களும் திண்ணையில் சீட்டு விளையாடுவார்கள். இருபது பேருக்கு விடுமுறை, அதை நடத்துகிற நாலு பேருக்கு இரட்டை வேலை. ஊரில் செய்வதையே பழகாத அடுப்பில், புகையில், பெரிய பாத்திரத்தில் செய்ய வேண்டும்.

பாத்திரம் தேய்த்துக் கவிழ்த்து முடிக்கப் பதினொரு மணி ஆகிவிடும். அதன் பிறகுதான் பெண்கள் அருவிக்குக் கிளம்புவார்கள். அப்போதெல்லாம் இரவு முழுக்கக் குளிக்கலாம். எட்டு வயதில் ஒருமுறை தூக்கம் வராமல் அவர்களோடு போனேன். கடைத்தெரு அடங்கியிருந்தது. குழல்விளக்கு வெளிச்சத்தில் பேரருவி வெள்ளைச் சேலை காயப்போட்டதுபோல இருந்தது. அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய் நின்றவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. பெரிய அத்தை சத்தம்போட்டுச் சிரித்தார். அத்தை அப்படிச் சிரித்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை. திரும்பி நடக்கும்போது அம்மா சொன்னார்: "பகல்லயும் ஒருநாள் நிக்கணும். வெயில் பட்டுத் தண்ணியில வானவில் வருமாம்ல."

நாங்கள் எல்லாரும் தினமும் பார்த்த வானவில் அது.

அடுப்பு யார் கையில்?

என் தம்பி குடும்பம் ஐரோப்பாவில் இருக்கிறது. போன கோடையில் கிரேக்கத்தின் கிரீட் தீவில் சமையலறையோடு ஒரு வீடு எடுத்து ஒரு வாரம் தங்கினார்கள். ஆலிவ் எண்ணெயும் தக்காளியும் மீனும் பக்கத்துக் கடையில் வாங்கித் தாங்களே பொங்கிச் சாப்பிட்டார்களாம். போனில் படத்தைப் பார்த்த அத்தை, "இது நம்ம குத்தாலம் மாதிரில்லா இருக்கு" என்றார். அப்புறம் கேட்டார்: "யாரு பொங்கினா?" தம்பி சொன்னான்: "முறை வச்சிக்கிட்டோம் அத்தை. ஒருநாள் நான், ஒருநாள் அவ." அத்தை கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை.

வாடகை வீட்டில் கூடிச் சமைத்துச் சாப்பிடுகிற விடுமுறையை நான் உயிராக மதிக்கிறேன். சொதிக்குத் தேங்காய்ப்பால் எப்போது விட வேண்டும் என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கற்றது அந்த அடுப்படியில்தான். சண்டை போட்ட இரண்டு சித்தப்பாக்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்து சமாதானமானதும் அங்கேதான். ஹோட்டல் அறைகளில் ஆளுக்கொரு கதவைச் சாத்திக்கொண்டால் இது நடக்காது. ஆகவே அடுப்பு வேண்டும். ஆனால் அது கைமாற வேண்டும்.

கஷ்டமான காரியம் ஒன்றுமில்லை. காலைப் பலகாரம் ஆண்கள் பொறுப்பு என்று கிளம்பும்போதே பேசிவிடுங்கள். ஒரு ராத்திரி எல்லாரும் பிரானூர் பார்டருக்குப் போய்ப் புரோட்டாவும் கோழியும் சாப்பிடுங்கள். செங்கோட்டை 1956-இல் தமிழ்நாட்டோடு சேரும்வரை அதுதான் திருவிதாங்கூர் எல்லை. பார்டருக்குப் போகிற அந்த ராத்திரி அடுப்பைப் பற்றவைக்கவே வேண்டாம். அவரவர் தட்டை அவரவர் கழுவுங்கள். அருவிக்குப் போகும் முதல் கூட்டத்தில் அம்மா இருக்கட்டும்.

தம்பியோடு போனில் பேசிய அந்தப் பேச்சுக்கு அடுத்த ஆடியில் நாங்கள் மறுபடி குற்றாலத்தில் வீடு எடுத்தோம். இப்போது கேஸ் அடுப்பு, மிக்ஸி எல்லாம் உண்டு. கூட்டாஞ்சோற்றை நானும் அண்ணனும் கிண்டினோம், உப்புக் கொஞ்சம் தூக்கல். பகலிலேயே என் மகள் தன் ஆச்சியைக் கைப்பிடித்துப் பேரருவிக்குக் கூட்டிப்போனாள். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்த அம்மா ஈரச் சேலையோடு அடுப்பங்கரை வாசலில் நின்று, "வந்துச்சு" என்றார். என்ன வந்தது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

(அடுத்த வாரம்: ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலில் குடில் போட்டுத் தங்குகிறவர்கள்)